எண்டோமெட்ரியோசிஸ்: தாங்க முடியாத மாதவிடாய் வலிக்குப் பின்னால் இருக்கும் அழற்சி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு என்ன?

வட்டவடை (இடுக்கி): மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்க இயலாத அளவுக்கு வலித்தால், அதை ‘உடம்புச் சூடு’ என்று கூறி மோரில் வெந்தயம் கலந்து கொடுப்பதும், ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் சொல்வதும் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். அவ்வாறு கடந்து செல்லப்படும் வலிகளில் ஒரு பகுதி, எண்டோமெட்ரியோசிஸ் என்ற நாட்பட்ட நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும் என மருத்துவ அறிவியல் எச்சரிக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் மற்றும் சிறுமியரில் சுமார் 10 சதவீதம் பேர், அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடி பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். இந்தியாவில் மட்டும் இந்த எண்ணிக்கை சுமார் 4 கோடி இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதி செய்யப்படும் வரை பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

இந்நோய் ஹார்மோன் தொடர்பானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமும், அது தூண்டும் அழற்சியும் இந்நோயின் வளர்ச்சியிலும் வலியிலும் முக்கியப் பங்கு வகிப்பது கடந்த சில பத்தாண்டு ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. மாதவிடாய் முடிந்த பிறகும் சிலருக்கு ஏன் வலி தொடர்கிறது, வலி மாத்திரை மட்டும் ஏன் போதவில்லை என்ற கேள்விகளுக்கு விடை இங்கேதான் உள்ளது.

மலைக் கிராமங்களுக்கு ஏன் முக்கியம்?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வட்டவடை ஊராட்சி. புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர் வட்டவடை வெள்ளைப்பூண்டும், அடுக்குத் தோட்டங்களில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் ஆகியவையும் இவ்வூரின் அடையாளங்கள். இங்கு பெரும்பாலானோர் தமிழ் பேசுகின்றனர். களையெடுப்பு, அறுவடை, சுமை தூக்குதல் உள்ளிட்ட பணிகளில் பெண்களின் உழைப்பு பெருமளவு உள்ளது.

வட்டவடையிலிருந்து மூணாறு நகரமே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடுக்கி, கோட்டயம், தேனி ஆகிய இடங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அதற்கும் அப்பால், மலைப்பாதையில் பல மணி நேரப் பயணத்தில் உள்ளன. ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி இல்லை. இத்தகைய சூழலில், ‘இது சாதாரண வலியா, நோயா’ என்று பிரித்தறியும் தகவல் பெண்களுக்குக் கிடைப்பதே முதல் தேவையாகிறது.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்மையான படலம் ‘எண்டோமெட்ரியம்’ எனப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் இப்படலம் தடித்து, கரு உருவாகாத நிலையில் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. இப்படலத்தை ஒத்த திசுக்கள் கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் ஆகும்.

சினைப்பை, கருக்குழாய், கருப்பையைத் தாங்கும் தசைநார்கள், மலக்குடலுக்கும் கருப்பைக்கும் இடைப்பட்ட பகுதி, சிறுநீர்ப்பை, குடலின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் இத்திசுக்கள் பெரும்பாலும் காணப்படுகின்றன. சிலருக்கு சிசேரியன் அறுவை சிகிச்சைத் தழும்பிலும், மிக அரிதாக நுரையீரலைச் சூழ்ந்த பகுதியிலும் இவை தோன்றுவதுண்டு. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் கட்டி, அதன் அடர்பழுப்பு நிறம் காரணமாக ‘சாக்லேட் கட்டி’ என்று அழைக்கப்படுகிறது.

கருப்பைக்கு வெளியே உள்ள இத்திசுக்களும் ஹார்மோன்களுக்கு ஏற்ப தடித்து, இரத்தம் கசிகின்றன. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழி இல்லை. எனவே அது வயிற்றறைக்குள்ளேயே தங்கி, சுற்றியுள்ள பகுதியை உறுத்தத் தொடங்குகிறது.

விதை எல்லோருக்கும் விழுகிறது, முளைப்பது சிலருக்கே

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள ஆல்பனி நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன், 1927-ஆம் ஆண்டு ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுகிறது. அதில் உள்ள படலத் துணுக்குகள் அங்கு ஒட்டி வளர்கின்றன என்பதே அக்கோட்பாடு. இன்றளவும் இந்நோய்க்கான முதன்மை விளக்கமாக இது ஏற்கப்படுகிறது. வயிற்றறைச் சவ்வின் செல்கள் தாமே உருமாறுவது, தண்டு செல்கள், இரத்தம் மற்றும் நிணநீர் வழியாகப் பரவுவது ஆகிய விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன.

எனினும் சாம்ப்சனின் கோட்பாடு ஒரு புதிரை எழுப்பியது. கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு மாதவிடாய் இரத்தம் இவ்வாறு பின்னோக்கிச் செல்வது 1980-களில் நடத்தப்பட்ட ஆய்வில் தெரியவந்தது. அவ்வாறெனில், நோய் ஏன் சுமார் 10 சதவீதம் பேருக்கு மட்டும் ஏற்படுகிறது?

களை விதை எல்லாத் தோட்டத்திலும் விழுகிறது. ஆனால் எல்லாத் தோட்டமும் களைக்காடாகி விடுவதில்லை. முளைக்கும்போதே பிடுங்குவதற்கு ஆள் இருக்கிறதா, மண் அதற்கு இடம் தருகிறதா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. எண்டோமெட்ரியோசிஸிலும் அவ்வாறே. பெரும்பாலான பெண்களின் உடலில், வயிற்றறையில் விழும் துணுக்குகளை நோய் எதிர்ப்பு செல்கள் சில நாட்களில் அகற்றிவிடுகின்றன. சிலருக்கு இந்தத் துப்புரவுப் பணி முழுமையாக நடப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஆராயத் தொடங்கியபோதே நோய் எதிர்ப்பு மண்டலம் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது.

துப்புரவு செய்ய வேண்டிய செல்களே துணைபோவது எப்படி?

உடலில் தேவையற்ற செல்களை அழிக்கும் பணியில் இரு வகை செல்கள் முன்னணியில் உள்ளன. ஒன்று, ‘இயற்கைக் கொல்லி செல்கள்’. மற்றொன்று, கழிவுகளையும் இறந்த செல்களையும் விழுங்கி அழிக்கும் ‘மேக்ரோபேஜ்’ எனப்படும் பெருவிழுங்கு செல்கள்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் இயற்கைக் கொல்லி செல்களின் அழிக்கும் திறன் குறைந்திருப்பதை 1990-களின் தொடக்கத்திலிருந்து வெளியான ஆய்வுகள் காட்டியுள்ளன. இடம் மாறி வந்த படலத் துணுக்குகள் இதனால் தப்பிப் பிழைக்கின்றன.

பெருவிழுங்கு செல்களின் நடத்தை இதைவிட வியப்புக்குரியது. இந்நோய் உள்ளவர்களின் வயிற்றறைத் திரவத்தில் இவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை, மாறாக அதிகரிக்கிறது. ஆனால் அவற்றின் விழுங்கும் திறன் குன்றிவிடுகிறது. காயத்தை ஆற்றுவதற்காகப் பெருவிழுங்கு செல்கள் மேற்கொள்ளும் மற்றொரு பணி மேலோங்குகிறது. புண்பட்ட தோலைச் சீரமைப்பது போல, இடம் மாறிய திசுவையும் அவை ‘ஆற்ற’ முனைகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் வளரவும், நரம்பு நுனிகள் நீளவும், நார்த்திசு படியவும் தேவையான பொருட்களை அவை சுரக்கின்றன.

அகற்ற வந்தவையே வளர்க்கத் தொடங்குவதால், நோய் தானாகத் தீர்வது கடினமாகிறது.

செல்களுக்கு இடையே செல்லும் செய்திகள்

நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள ‘சைட்டோகைன்கள்’ எனப்படும் நுண்புரதங்களைப் பயன்படுத்துகின்றன. இவை ஒரு வகையில் செல்களுக்கு இடையிலான தந்திச் செய்திகள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் வயிற்றறைத் திரவத்தில் பின்வரும் செய்திப் பொருட்கள் மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது:

• இன்டர்லூகின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்பா: அழற்சியைத் தொடங்கி வைப்பவை, துணுக்குகள் வயிற்றறைச் சவ்வில் ஒட்டுவதற்கும் உதவுகின்றன.

• இன்டர்லூகின்-6: அழற்சியை நீட்டிப்பதோடு, இயற்கைக் கொல்லி செல்களின் செயலையும் மட்டுப்படுத்துகிறது.

• இன்டர்லூகின்-8, எம்சிபி-1: மேலும் மேலும் நோய் எதிர்ப்பு செல்களை அவ்விடத்துக்கு அழைத்து வருபவை.

• விஇஜிஎஃப்: புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்து, இடம் மாறிய திசுவுக்கு உணவும் பிராணவாயுவும் கிடைக்க வழி செய்கிறது.

இச்செய்திகள் செல்லுக்குள் சென்றடைந்ததும், ‘என்எஃப்-கப்பா பி’ என்ற புரதம் ஒரு சுவிட்ச் போல இயங்கி, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களைச் செயல்பட வைக்கிறது. சாதாரணக் காயத்தில் சில நாட்களில் அணைந்துவிடும் இந்தச் சுவிட்ச், எண்டோமெட்ரியோசிஸில் மாதந்தோறும் மீண்டும் மீண்டும் போடப்படுகிறது.

இதில் இரும்புக்கும் பங்குண்டு. வயிற்றறையில் கசியும் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும்போது இரும்புச்சத்து வெளியாகிறது. அளவுக்கு மிஞ்சிய இரும்பு, செல்களைச் சேதப்படுத்தும் வேதிவினைகளைத் தூண்டி அழற்சியை மேலும் பெருக்குகிறது. அழற்சி ஆறும் இடங்களில் தழும்புத் திசு உருவாகி, சினைப்பை, குடல், கருப்பை ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையும் ஏற்படுகிறது.

ஈஸ்ட்ரோஜனும் அழற்சியும்: ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி

ஹார்மோனா, நோய் எதிர்ப்பு மண்டலமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதே இந்நோயின் மையம் என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

இயல்பான கருப்பை உட்படலத்தில் ‘அரோமட்டேஸ்’ என்ற நொதி ஏறக்குறைய இருப்பதில்லை. ஆனால் இடம் மாறிய திசுவில் அது செயல்படுவதால், அத்திசு தனக்குத் தேவையான ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் ‘காக்ஸ்-2’ என்ற நொதியைத் தூண்டுகிறது. காக்ஸ்-2 நொதி, வலியையும் அழற்சியையும் உண்டாக்கும் ‘புரோஸ்டாகிளாண்டின் இ2’ என்ற பொருளை உருவாக்குகிறது. இந்தப் புரோஸ்டாகிளாண்டின், மீண்டும் அரோமட்டேஸ் நொதியை முடுக்கிவிடுகிறது. இவ்வாறு சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

வழக்கமாக இச்சக்கரத்துக்குத் தடையாக இருக்க வேண்டியது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். அது அழற்சியைத் தணிக்கும் தன்மை கொண்டது. எனினும், இடம் மாறிய திசுக்கள் புரோஜெஸ்டிரோனின் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஹார்மோன் மாத்திரைகள் சிலருக்கு நல்ல பலன் தருவதும், சிலருக்குப் போதிய பலன் தராததும் இதனால்தான் எனக் கருதப்படுகிறது.

வலி ஏன் ஸ்கேன் படத்துடன் ஒத்துப்போவதில்லை?

சிறு புள்ளிகள் அளவே திசு வளர்ந்துள்ள பெண் கடும் வலியில் துடிப்பதும், பெரிய சாக்லேட் கட்டி உள்ள பெண் வலியே உணராமல் இருப்பதும் இந்நோயில் வழக்கமாகக் காணப்படுகிறது. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பெண் நடிக்கிறாள்’ என்ற பழிச்சொல் பிறப்பதும் இந்த முரண்பாட்டினால்தான்.

வலியைத் தீர்மானிப்பது திசுவின் அளவு மட்டுமன்று; அங்குள்ள அழற்சியும் நரம்புகளுமே ஆகும். நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணிகள், இடம் மாறிய திசுவுக்குள் புதிய நரம்பு நுனிகளை ஈர்க்கின்றன. புரோஸ்டாகிளாண்டின்களும் சைட்டோகைன்களும் அந்நரம்புகளின் வலி உணரும் எல்லையைத் தாழ்த்திவிடுகின்றன. இதனால் மலம் கழித்தல், சிறுநீர் கழித்தல், தாம்பத்திய உறவு போன்ற இயல்பான செயல்களும் வலியாக உணரப்படுகின்றன.

ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தி சென்றுகொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் கூட வலியைப் பெருக்கிக் காட்டும் நிலைக்குப் பழகிவிடுகின்றன. அந்நிலையில், அறுவை சிகிச்சையில் திசுவை முழுமையாக அகற்றிய பிறகும் வலி தொடரக்கூடும். சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கருவுறுதலில் பாதிப்பு

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள எல்லாப் பெண்களுக்கும் குழந்தைப்பேறு தடைபடுவதில்லை; பலர் இயல்பாகவே கருவுறுகின்றனர். எனினும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருவுறுவதில் சிரமம் இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. தழும்புகளால் கருக்குழாய் மடங்குவது ஒரு காரணம். வயிற்றறைத் திரவத்தில் உள்ள அழற்சிப் பொருட்கள் சினைமுட்டை, விந்தணு ஆகியவற்றின் செயல்பாட்டையும், கரு கருப்பையில் பதிவதையும் பாதிப்பது மற்றொரு காரணம்.

இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயும் அடிவயிற்று வலி, குழந்தையின்மை ஆகிய அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறிந்தே சிகிச்சை அளிக்கின்றனர்.

இது தன்னுடல் தாக்கு நோயா?

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே பகையாகக் கருதித் தாக்குவது தன்னுடல் தாக்கு நோய் எனப்படுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. நாட்பட்ட அழற்சி நோயாகவே அது வகைப்படுத்தப்படுகிறது. எனினும் இரண்டுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்துள்ளது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் ‘யுகே பயோபேங்க்’ தரவுகளைக் கொண்டு நடத்தி, 2025-இல் வெளியிட்ட ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சீலியாக் நோய், சொரியாசிஸ் உள்ளிட்ட நோய்கள் ஏற்படும் அபாயம் 30 முதல் 80 சதவீதம் வரை அதிகம் எனக் கண்டறிந்தனர். இது ஒப்பீட்டு அளவிலான அதிகரிப்பே. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள அனைவருக்கும் இந்நோய்கள் வரும் என்று பொருளல்ல. மூட்டு வீக்கம் போன்ற புதிய அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

2023-ஆம் ஆண்டு ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயுள்ள 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மரபணுத் தரவுகளை, நோயற்ற சுமார் 7 லட்சம் பேரின் தரவுகளுடன் ஒப்பிட்டது. நோயுடன் தொடர்புடைய 42 மரபணுப் பகுதிகள் அதில் அடையாளம் காணப்பட்டன. ஒற்றைத் தலைவலி, முதுகு வலி போன்ற நாட்பட்ட வலிகளுக்கும் இந்நோய்க்கும் பொதுவான மரபணு அடிப்படை இருப்பதும் தெரியவந்தது.

அதே ஆண்டில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயுள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உட்படலத்தில் ‘ஃபியூசோபாக்டீரியம்’ என்ற பாக்டீரியா இருப்பதைக் கண்டறிந்தனர். நோயற்றவர்களில் இது 10 சதவீதத்துக்கும் குறைவு. எலிகளில் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்தபோது திசு வளர்ச்சி குறைந்தது. ஆயினும் இது தொடக்க நிலை ஆய்வே. இதை நம்பித் தாமாக ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாங்கி உட்கொள்வது தவறு.

அழற்சிச் செய்திகளைத் தடுக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டுள்ளன. டிஎன்எஃப்-ஆல்பாவைத் தடுக்கும் ‘இன்ஃப்ளிக்ஸிமாப்’ மருந்து, ஆழமாகப் பரவிய எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது வலியைக் குறைக்கவில்லை என 2008-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இன்டர்லூகின்-8 செய்தியைத் தடுக்கும் ‘ஏஎம்ஒய்109’ என்ற மருந்து, குரங்குகளில் திசு வளர்ச்சியையும் நார்த்திசுப் படிவையும் குறைத்ததாக 2023-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். பல செய்திகள் ஒருசேர இயங்கும் நோயில், ஒன்றை மட்டும் தடுத்தால் போதுமா என்பதே ஆய்வாளர்கள் முன்னுள்ள சவால்.

பெரும்பாலான மரபணு ஆய்வுகள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளிப் பெண்களை மையமாகக் கொண்டவை. இக்குறையைப் போக்கும் நோக்கில், மும்பையில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம், ‘இந்தியாவில் எண்டோமெட்ரியோசிஸ் மருத்துவ மற்றும் மரபணு ஆய்வு’ என்ற திட்டத்தை நாட்டின் பல மையங்களில் நடத்தி வருகிறது. மருத்துவ விஞ்ஞானி ராகுல் கஜ்பியே இதற்குத் தலைமை வகிக்கிறார்.

எப்படிக் கண்டறியப்படுகிறது?

வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா மூலம் பார்க்கும் லேப்ராஸ்கோபி முறையே நெடுங்காலமாக உறுதியான பரிசோதனையாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றியது. அறிகுறிகள், நேரடிப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் அடிப்படையிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதோ, மருந்து பலனளிக்காதபோதோ லேப்ராஸ்கோபியைப் பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகிறது. அறுவை அரங்கு வசதி தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இது முக்கியமான மாற்றமாகும்.

அதே நேரத்தில், ஸ்கேன் அறிக்கை இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. மணமாகாத பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. வயிற்றின் மேற்புறமாகச் செய்யப்படும் ஸ்கேனில் சிறு திசுக்கள் தென்படுவதில்லை. ‘சிஏ-125’ என்ற இரத்தப் பரிசோதனையும் இந்நோயை உறுதி செய்யாது. வேறு பல அழற்சிகளிலும் அதன் அளவு உயரக்கூடும்.

சிகிச்சைகள் எந்த இடத்தில் செயல்படுகின்றன?

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. ஆனால் மேற்கூறிய சுழற்சியை வெவ்வேறு இடங்களில் தடுக்கும் சிகிச்சைகள் உள்ளன.

வலி மாத்திரைகள்: இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை காக்ஸ் நொதியைத் தடுத்து புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைக்கின்றன. ஏற்கெனவே உருவான புரோஸ்டாகிளாண்டினை இவை அகற்றுவதில்லை என்பதால், வலி முற்றிய பிறகு எடுப்பதை விட, மருத்துவர் அறிவுரைப்படி வலி தொடங்கும்போதே எடுப்பது பலன் தருகிறது. திசு வளர்வதை இவை நிறுத்துவதில்லை.

ஹார்மோன் சிகிச்சை: கூட்டு கருத்தடை மாத்திரைகள், டைனோஜெஸ்ட், ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் ஆகியவை மாதாந்தர இரத்தக்கசிவையும் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலையும் குறைத்து, அழற்சியைத் தணிக்கின்றன. சினைப்பையின் ஹார்மோன் சுரப்பையே தற்காலிகமாகக் குறைக்கும் மருந்துகள் அடுத்த நிலையில் பயன்படுத்தப்படுகின்றன. கருவுற விரும்பும் பெண்களுக்கு இம்முறைகள் பொருந்தாது.

அறுவை சிகிச்சை: லேப்ராஸ்கோபி மூலம் திசுக்களும் ஒட்டுதல்களும் அகற்றப்படுகின்றன. வலி குறைய இது உதவினாலும், நோய் மீண்டும் வர வாய்ப்புள்ளதால் பலருக்கு அதன் பிறகும் ஹார்மோன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. கருப்பையை அகற்றினால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. வெளியே உள்ள திசுக்கள் எஞ்சியிருந்தால் வலி தொடரலாம்.

பூண்டு, மஞ்சள், இஞ்சி ஆகியவை உணவில் நல்லவையே. அவை எண்டோமெட்ரியோசிஸைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை. வெந்நீர் ஒத்தடம் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும்.

மருந்துக் கடை மாத்திரை: கவனம் தேவை

மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களில், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையே பலருக்கு முதல் சிகிச்சையாக அமைகிறது. மாதவிடாய் வலிக்கு இந்தியாவில் பரவலாகப் பயன்படுத்தப்படும் மெஃபெனமிக் அமிலம் குறித்து, இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு இம்மருந்தினால் ‘டிரெஸ்’ எனப்படும் தீவிர ஒவ்வாமை ஏற்படலாம் என்று அதில் கூறப்பட்டது. தோல் தடிப்பு, காய்ச்சல், நெறிக்கட்டு ஆகியவை இதன் அறிகுறிகள். மருந்து எடுத்த இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் இவை தோன்றலாம். இத்தகைய அறிகுறி தென்பட்டால் மருந்தை நிறுத்தி உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் தொடர்ந்து எடுப்பதால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் ஏற்படக்கூடும்.

கருத்தடை மாத்திரைகளுக்கும் இதே கவனம் பொருந்தும். இடுக்கி மலைப்பகுதியில் வாழும் முத்துவன் பழங்குடியினரிடையே, மாதவிடாய் நாட்களில் பெண்கள் தனிக் குடிலில் தங்கும் வழக்கம் உள்ளது. அதைத் தவிர்ப்பதற்காகச் சில பெண்கள் மருத்துவ ஆலோசனையின்றி கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வதாகக் கடந்த ஆண்டுகளில் செய்திகள் வெளியாகின. அதே வகை மாத்திரையை மருத்துவர்கள் எண்டோமெட்ரியோசிஸுக்குச் சிகிச்சையாகவும் தருகின்றனர். ஆனால் உயர் இரத்த அழுத்தம், இரத்த உறைவு வரலாறு, புகைபிடிக்கும் பழக்கம், ஒளித்தோற்றத்துடன் வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ள பெண்களுக்கு அது ஆபத்தாகலாம். எனவே முன்பரிசோதனையும் கண்காணிப்பும் அவசியம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரை அணுகுவது நல்லது:

• பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல முடியாத அளவுக்கு மாதந்தோறும் வலி.

• வலி மாத்திரை எடுத்தும் குறையாத வலி. மாதவிடாய் இல்லாத நாட்களிலும் தொடரும் அடிவயிறு அல்லது இடுப்பு வலி.

• தாம்பத்திய உறவின்போது அல்லது அதன் பின் ஆழமான வலி.

• மாதவிடாய் நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி, வயிற்று உப்புசம்.

• ஓராண்டு முயன்றும் கருவுறாத நிலை. 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின்னரே ஆலோசனை பெறலாம்.

• சிசேரியன் தழும்பில் மாதவிடாய் நாட்களில் மட்டும் வலிக்கும் கட்டி.

• தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்நோய் இருந்து, தனக்கும் கடும் வலி இருத்தல்.

வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, எந்த மாத்திரை எத்தனை முறை எடுக்கப்பட்டது, எந்த நாளில் வேலைக்குச் செல்ல முடியவில்லை என்பதை மூன்று மாதங்கள் ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். தொலைவிலிருந்து வருபவர்கள் முதல் சந்திப்பிலேயே முழு விவரத்தையும் அளிக்க இது வழி செய்யும்.

அருகில் உள்ள அரசு சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ முதற்கட்ட ஆலோசனை பெற்று, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். கேரளத்தில் ‘திஷா’ சுகாதார உதவி எண் 1056-ஐயும், தமிழகத்தில் 104-ஐயும் தொடர்பு கொண்டு மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

மாதவிடாயின்போது ஓரளவு அசௌகரியம் இயல்பானது. வாழ்க்கையை நிறுத்திவைக்கும் வலி இயல்பானதன்று. ‘அழல்’ என்றால் நெருப்பு. ‘அழற்சி’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. வீட்டுப் பெரியவர்கள் ‘சூடு’ என்று குறிப்பிட்ட வலிக்குள், சிகிச்சை தேவைப்படும் ஒரு நோயும் மறைந்திருக்கலாம். எத்தனை சீக்கிரம் அது கண்டறியப்படுகிறதோ, அத்தனைக்கு வலியும் பாதிப்பும் கட்டுக்குள் வர வாய்ப்புள்ளது.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)